மூன்றாம் பெண்ணின் விடை

என் குரலைப் பற்றி நானே பேசுவது அழகில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குரல் இல்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீர்வேலியைச் சுற்றி நாலைந்து ஊரில் எந்தக் கோயிலில் புராணப் படிப்பு வைத்தாலும் முதலில் ஆள் அனுப்புவது இந்தப் பஞ்சலிங்கத்துக்குத்தான். காலையில் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவேன். பின்னேரம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கோயில் மண்டபத்தில் போய் உட்காருவேன். நான் செய்யுளை இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் பொருளை விரித்துப் பயன் சொல்லுவார். பயன் சொல்பவர் ஆண்டுக்கு ஒருவராக மாறியிருக்கிறார். படிக்கிறவன் மாறவில்லை.

இந்தப் படிப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்த செய்யுளை முடிக்காமல் விடக்கூடாது. அரைவாசியில் அறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த நாம்பன் மாடு ஒன்று மண்டபத்துக்குள் புகுந்துவிட்டது. பயன் சொல்ல வந்தவர் உட்பட எல்லோரும் எழும்பி ஓடினார்கள். நான் கடைசி அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு தைப்பூசத்தன்று நான் செய்த காரியத்துக்கு இந்தப் பழக்கம்தான் காரணம். வேறு காரணம் சொல்பவர்கள் என் மனைவியின் பக்கத்து ஆட்கள்.

என் மனைவி மீனாம்பிகை அப்போது எங்கள் ஊருக்கு மூன்று கட்டை தூரம் தள்ளியிருந்த ஒரு சைவப் பெண் பாடசாலையில் ஆறு வருடமாக அரிவரி வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் விரல் பிடித்து எழுத்துப் பழக்குகிற வேலை. அது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் படித்த படிப்பு அதற்கு மேலே இருந்தது. வீட்டில் அடுப்பில் சோறு கொதிக்கும்போது கூட மடியில் ஒரு புத்தகம் இருக்கும். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை அவள் ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு வந்து உள்ளங்கையில் ஒட்டிய மணலைக் கழுவும்போது அது அவள் முகத்தில் தெரியும்.

தைப்பூசத்துக்கு முந்தின மார்கழியில் மேல்வகுப்புத் தமிழாசிரியர் ஓய்வு பெற்றார். இடத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் மீனாம்பிகை. மற்றவர் கதிரவேலு என்ற வாத்தியார். நல்ல படிப்பாளி, முப்பத்தைந்து வயது, அதாவது அவர் அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் இன்னும் இருபது வருடத்துக்கு எழும்பமாட்டார். அந்த இருபது வருடமும் என் மனைவிக்கு மணல்தான். பாடசாலையின் மனேச்சர் ஏரம்பு யாரையும் பகைக்க விரும்பாத மனிதர். ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கும் அவரே தலைவர். தைப்பூசத்தன்று சங்கத்தில் இருவரும் ஒரே பொருளில் கட்டுரை வாசிக்கட்டும், எவருடைய கட்டுரை சிறந்ததோ அவருக்கு நியமனக் கடிதம் அங்கேயே தரப்படும் என்று சொல்லிவிட்டார். உள்ளூர் ஆள் தீர்ப்புச் சொன்னால் அடிபிடி வரும் என்று வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிருபைரட்ணம் என்ற வேதக்கார ஆசிரியரை நடுவராக அழைத்தார். கிறிஸ்தவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர், எவருக்கும் சொந்தக்காரர் அல்ல.

பொருள், 'வங்கத்துறை அம்மானையில் பூரணவல்லியின் குணம்'. அந்த நூல் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. கப்பல் வணிகன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் கடலுக்குப் போய்விடுகிறான். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அதுவரை வீட்டையும் தோட்டத்தையும் காத்த மனைவி பூரணவல்லி கதவைத் திறக்கவில்லை. நூற்றெட்டுப் பாட்டில் கதை இவ்வளவுதான். ஒவ்வொரு பாட்டையும் அம்மானைக் காய் வீசி விளையாடும் மூன்று பெண்கள் பாடுவதாகப் புலவர் வைத்திருக்கிறார். முதற்பெண் ஒன்றைச் சொல்வாள், இரண்டாம் பெண் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பாள், மூன்றாம் பெண் விடை சொல்லி முடிப்பாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரையில் வரும் செய்யுளை உரைநடை மாதிரி வாசிக்கக்கூடாது, பாடத்தான் வேண்டும். பாடத் தெரியாதவர் பாடுகிறவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கௌரவமான குடும்பத்துப் பெண் சபையில் பாடுவது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆகவே மீனாம்பிகையின் மேற்கோள்களை நான்தான் பாட வேண்டும் என்று ஆயிற்று. அவளைவிட எனக்கு அதில் சந்தோஷம். கட்டுரை எப்படி இருந்தாலும் மேற்கோளில் அடித்துவிடலாம் என்று என் கணக்கு. இருபது பாட்டுக்குக் குறையாமல் எடும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்தே கற்கண்டும் மல்லித் தண்ணீரும் குடிக்கத் தொடங்கினேன்.

அவள் எழுதிய விதத்தைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. பத்து நாள் ஒரு வரியும் எழுதவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டாள். எந்தப் பெண் சொல்கிற அடி என்று குறிக்கிறாளாம். நடுநடுவே பாட்டுக்குள் வேறு ஆட்கள் கதைத்தால் அவர்களுக்கும் ஒரு குறி. பூரணவல்லி தன் வாயால் கதைக்கிற இடத்துக்கு 'பூ' என்று போட்டாள். நூற்றெட்டுப் பாட்டையும் முடித்த பிறகு புத்தகத்தை என்னிடம் தந்து 'பூ' எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணச் சொன்னாள். நான் இரண்டு முறை புரட்டினேன். ஒரே ஓர் இடம்.

பிறகு நான்கு நாளில் கட்டுரையை எழுதிவிட்டாள். எனக்குப் பாடுவதற்கு எத்தனை இடம் என்று ஆவலாய்ப் பார்த்தேன். இரண்டு. அந்த இரண்டும் முழுப்பாட்டு அல்ல, துண்டு. இன்னோர் இடத்தில் 'தன்னிழலே துணையாக' என்று நூலின் இரண்டு சொல்லை எடுத்துத் தன்னுடைய வசனத்துக்குள்ளேயே வைத்திருந்தாள்; அதைத் தானே வாசித்துவிட்டுப் போவாளாம், எனக்கு அங்கே வேலை இல்லையாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பதினாலு நாள் கற்கண்டு தின்றவனுக்கு ஆறு அடி. கதிரவேலு முப்பது மேற்கோள் சேர்த்துவிட்டார் என்று சந்தையில் கதை அடிபடுகிறது, இங்கே ஒரு வாழைக்குலையில் ஆறு காய் காய்த்த மாதிரி ஒரு கட்டுரை.

முதலாவது துண்டு இது:

துலாமிதித்து நீரிறைத்துத் தோட்டமெல்லாம் பசுமைசெய்து
நிலாவெழும்பும் நேரமட்டும் நின்றனள்காண் அம்மானை;
நிலாவெழும்பும் நேரமட்டும் நின்றனளே யாமாகில்
எலாம்முடித்தும் வீடுபுகா தேன்நின்றாள் அம்மானை?

வேலையெல்லாம் முடிந்த பிறகும் வீட்டுக்குள் போகாமல் ஏன் நின்றாள் என்று இரண்டாம் பெண் கேட்கிறாள். அதோடு மீனாம்பிகை கோடு கீறி நிறுத்தியிருந்தாள். இதற்கு அடுத்த அடிதான் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த அடி. 'உலாவுகடல் போனவனை எண்ணிநின்றாள் அம்மானை' என்று மூன்றாம் பெண் சொல்லுவாள். அந்த அடியில் 'எண்ணி'யில் ஏறி, 'நின்றாள்' என்று இறங்கும்போது நான் ஒரு வேலை செய்வேன். கிழவர்களும் கண்ணைத் துடைப்பார்கள். அந்த அடி கட்டுரையில் இல்லை.

"பாட்டை அரைவாசியிலை விடுறதோ? நான் செய்யமாட்டன்" என்றேன்.

"கோயிலிலை விடாதேங்கோ. இது கட்டுரை. நான் நிப்பாட்டச் சொன்ன இடத்திலை நிப்பாட்டவேணும்" என்றாள் அவள்.

ஏன் என்று கேட்டேன். அவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து ஆறுதலாகச் சொன்னாள். கடைசி அடி மூன்றாம் பெண் சொல்வது. அவள் யார்? பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஒருத்தி. விளையாட்டை முடிக்க அவளுக்கு ஒரு விடை வேண்டும், தனக்குத் தோன்றியதைச் சொல்கிறாள். எல்லோரும் அந்த அடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பார், பூரணவல்லி கணவனை எண்ணி உருகுகிறாள் என்று எழுதுகிறார்கள். அது பூரணவல்லியின் மனம் அல்ல, புலவரின் தீர்ப்பும் அல்ல. ஒருவர் சொன்ன சொல்லை எடுத்துக் காட்டும்போது அதைச் சொன்னது யார் என்று பார்க்காமல் காட்டினால் அது பொய்ச்சாட்சி. இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பவும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் விளங்கியது தலையில். தொண்டைக்கு அது எட்டவில்லை. நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கிணற்றடியில் நாலைந்து நாள் பாடிப் பார்த்தேன். கேள்வியோடு நிறுத்தும் ஒவ்வொரு முறையும், செருப்பில் ஒன்றைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி இருந்தது.

தைப்பூசத்தன்று பின்னேரம் பாடசாலை மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சன்னலுக்கு வெளியே மிச்சப் பேர். கிருபைரட்ணம் ஐயா கறுத்த கோட்டும் வேட்டியுமாய் முன்னால் ஒரு மேசையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு இருந்தார். ஆளுக்கு அரைமணி நேரம், அதற்குமேல் மணி அடிக்கப்படும் என்று மனேச்சர் ஏரம்பு அறிவித்தார்.

முதலில் கதிரவேலு. மனிதர் உழைத்திருந்தார், அதை மறைக்க முடியாது. நான் விரல்விட்டு எண்ணினேன்: முப்பத்தொரு மேற்கோள். பாதி அம்மானையிலிருந்தும், மிச்சம் அதற்கு வெளியே கண்ட நூலெல்லாவற்றிலிருந்தும் வந்தன. அவருடைய மச்சான் பாடினான்; குரல் பரவாயில்லை, கொஞ்சம் மூக்கால் வருகிறது. ஒவ்வொரு பாட்டு முடியவும் சபை தலையை ஆட்டியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கதிரவேலு "என்றதனாலும் பெறப்படும்", "என்றமையும் காண்க" என்று ஒரு வரி சொல்லுவார், உடனே மச்சான் அடுத்ததைத் தொடங்குவான். கடைசி அடியில் எல்லாம் பூரணவல்லி உருகினாள், வாடினாள், மெலிந்தாள். இருபத்தேழாவது மேற்கோளில் கிருபைரட்ணம் ஐயா பென்சிலைக் கீழே வைத்ததைக் கண்டேன். சபை அதைக் காணவில்லை. கதிரவேலு உட்கார்ந்தபோது சபை நெடுநேரம் கைதட்டியது.

இப்போது நாங்கள். மீனாம்பிகை எழும்பினபோது பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு வந்து அடங்கியது. வெள்ளைச் சேலை, கையில் எட்டுப் பக்கம். குரல் நடுங்கவில்லை. பூரணவல்லியைப் பற்றி நூல் முழுக்க மற்றவர்கள் பேசுகிறார்கள், அவளை யாராவது கேட்டார்களா என்பதே தன் கட்டுரை என்று தொடங்கினாள். சபைக்கு அது பிடிபடவில்லை. கொட்டாவி விட்ட ஒருவரை நான் பார்த்தேன், ஆளின் பெயரும் தெரியும், சொல்லமாட்டேன். பிறகு என் இடம் வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு 'துலாமிதித்து' என்று எடுத்தேன்.

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்தார். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது அடியில் சபை என் கையில் வந்துவிட்டது. பாடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தெரியும். மூன்றாவது, நான்காவது. 'ஏன் நின்றாள்' என்று கேட்டு முடித்தபோது மண்டபம் முழுக்க ஒரே முகமாய் என்னைப் பார்த்தது. நிறுத்த வேண்டிய இடம் அதுதான். நிறுத்தவேண்டும் என்பது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் என் வாய் தன்பாட்டில் திறந்து 'உலாவுகடல் போனவனை' என்று ஏறிவிட்டது. ஏறின பிறகு இறங்காமல் முடியுமா? அந்த 'எண்ணி'யை இழைத்து, 'நின்றாள்' என்று இறக்கி, 'அம்மானை'யில் கொண்டுபோய் வைத்தேன். என் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை.

சபை ஆரவாரித்தது. மனேச்சர் மேசையில் தட்டினார். கதிரவேலு சிரித்தார், அது பாட்டை ரசித்த சிரிப்பு அல்ல. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கையில் இருந்த தாளில் அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம். 'இந்தக் கேள்விக்கு உரியவளிடமிருந்து விடை வரவில்லை' என்று அது தொடங்கும். அதை இனி எப்படி வாசிப்பாள்? விடையை இப்போதுதான் நான் ஊர் முழுக்கக் கேட்கப் பாடி வைத்திருக்கிறேன். அவள் எட்டுப் பக்கமும் அந்த ஒரு நிறுத்தத்தின்மேல் கட்டியது. ஆறு வருடத்து ஆசையை ஓரடியில் உடைத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மீனாம்பிகை என்னைப் பார்த்துக் கோபிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு தாள்களை மடித்து மேசையில் வைத்தாள். அதுவரை வாசித்த சபைத் தமிழை விட்டு, வீட்டில் கதைக்கிற தமிழில் சபையைப் பார்த்துக் கதைத்தாள்.

"இப்ப பாடினவர் என்ரை வீட்டுக்காரர். நான் எழுதினது கேள்வியோடை நிக்குது. அவருக்குக் கேள்வியோடை நிக்க மனம் வரேல்லை. உங்களுக்கும் வரேல்லை, அதுதான் தலையாட்டினியள். அம்மானை ஆடுற மூண்டாவது பொம்பிளைக்கும் வரேல்லை. பூரணவல்லியை ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் கெடுத்ததை அவள் எடுத்துத் தன் பக்கத்துச் சாட்சி ஆக்கிவிட்டாள். எழுதி வைத்த எட்டுப் பக்கமும் செய்யாத வேலையை என் தவறைக் கொண்டே செய்துவிட்டாள். இதை வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். கிருபைரட்ணம் ஐயா பென்சிலைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

அதன்பிறகு அவள் தாளைப் பார்க்கவே இல்லை. துலாமரத்தில் ஏறி மிதித்துக் கிணற்று நீர் இறைப்பது ஆண்கள் செய்கிற வேலை, அதை இவள் செய்தாள் என்று முதற்பெண் சொல்கிறாள், அது கண்ணால் கண்டது, அதை நம்பலாம் என்றாள். 'தன்னிழலே துணையாக' ஏழு மாரியையும் ஏழு கோடையையும் கடத்தியவள் நிலா எழும்பும் நேரத்தில் தோட்டத்தில் நிற்கிறாள் என்றால், கடலில் போனவனுக்காகத்தான் நிற்கவேண்டும் என்று என்ன கட்டாயம் என்று கேட்டாள். வறண்டு கிடந்த நிலத்தைத் தன் காலால் மிதித்துப் பச்சை ஆக்கியவளுக்கு, அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க ஆசை இராதா என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை நாள் தண்ணீர் கட்டி முடித்து, மண்வெட்டியைக் கழுவிய பிறகும், வீட்டுக்குப் போகாமல் வாழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! யாரையும் எண்ணி அல்ல. என்னுடைய தோட்டம், நான் நட்டது, நன்றாக நிற்கிறது, அவ்வளவுதான். இருபது வருடமாய் அந்தப் பாட்டைப் பாடுகிறேன், அந்த அடியில் ஊரை அழவைக்கிறேன், அந்தப் பெண் என்னைப் போல நின்றாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. முன்வரிசையில் இருந்த தோட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது பட்டிருந்தது.

கடைசியில் 'பூ' என்று குறித்த அந்த ஒரே இடத்துக்கு வந்தாள். நூற்றெட்டுப் பாட்டில் பூரணவல்லி தன் வாயால் சொல்வது இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பாட்டின் முதல் இரண்டு அடி மட்டும். மற்ற மூன்று அடியில் இரண்டாம் பெண்ணின் கேள்வியும் மூன்றாம் பெண்ணின் விடையும் இருக்கின்றன. அவற்றையும் பாடவேண்டும் என்று என் தொண்டை துடித்தது. பொய் சொல்ல நான் வரவில்லை, துடித்தது. நான் இராகத்தை இழுக்கவில்லை, கமகம் ஒன்றும் போடவில்லை. கதைக்கிற மாதிரிப் பாடினேன்.

வந்தேன்நான் கதவுதிற என்றவனைப் பூரணமும்
சொந்தமெனில் சொல்லியன்றோ போவதென்றாள் அம்மானை.

பாடிவிட்டு வாயை மூடினேன். சபை அடுத்த அடிக்குக் காத்திருந்தது. நான் தரவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு பிள்ளை அழுதது மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் வீட்டை விட்டு வாசற்படலை தாண்டிப் போகிறவன் போயிட்டு வாறன் என்று ஒரு சொல் சொல்லாமல் போகமாட்டான். அந்தச் சொல் இல்லாமல் ஏழு வருடம் இருந்தவளின் கதவு, அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் மூடிக் கிடந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மீனாம்பிகை அதற்குமேல் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மணி அடிக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

கிருபைரட்ணம் ஐயா எழும்பினார். கதிரவேலுவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மீனாம்பிகையிடம்தான் கேட்டார். கடைசிப் பாட்டிலும் மூன்றாம் பெண் ஒரு விடை சொல்கிறாள் அல்லவா, அது உங்கள் கருத்துக்கு எதிராக இருப்பதால் மறைத்துவிட்டீர்களா என்று நேராகவே கேட்டார். அது லேசான கேள்வி இல்லை. ஆமென்றால் கள்ளம் என்று ஆகும், இல்லையென்றால் நூலை முழுக்கப் படிக்கவில்லை என்று ஆகும்.

மீனாம்பிகை எழும்பி அந்த அடியைப் பாடாமல் சொன்னாள். "'சிந்தைநிறை காதலினால் ஊடினள்காண்' எண்டு இருக்குது ஐயா. நான் மறைக்கேல்லை. அது பூரணவல்லியின்ரை சொல் இல்லை. கதவடிக்குப் போய் அவளைக் கேட்டிட்டு வந்து சொல்லியிருந்தால் நானும் எடுத்திருப்பன்."

வேதக்கார ஆசிரியர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, பல் எல்லாம் தெரிந்தது. பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். முப்பத்தொரு செய்யுளில் தான் கதிரவேலுவின் நினைவாற்றலைக் கண்டதாகவும், இரண்டு துண்டில் நூலைக் கண்டதாகவும் சொன்னார். முதற்பாட்டு எழுதியதைவிட ஓரடி கூடப் பாடப்பட்டது கட்டுரையாளரின் பிழை அல்ல என்றும், அதை அவர் கையாண்ட விதத்துக்கே தனியாக மதிப்பெண் கொடுத்தேன் என்றும் சொன்னபோது சனம் என் பக்கம் திரும்பிச் சிரித்தது. சிரிக்கட்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று கூரையைப் பார்த்தேன்.

மனேச்சர் ஏரம்பு நியமனக் கடிதத்தோடு எழும்பினார். நீர்வேலிப் பஞ்சலிங்கத்தாரின் பாரியாருக்கு மேல்வகுப்புத் தமிழ் இடம் வழங்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு, என்னை மேடைக்கு அழைத்தார். என் கழுத்தில் ஒரு செவ்வரத்தம்பூ மாலை போட்டார். அந்தக் குரல் இல்லாவிட்டால் சபை நிமிர்ந்திருக்குமா என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. பிறகு கடிதத்தை என் கைக்கு நேராக நீட்டினார்.

அவர் கெட்ட எண்ணத்தில் நீட்டவில்லை. அந்தக் காலத்து முறை அது. பெண்ணுக்கு உரியதைப் புருஷன் கையில்தான் கொடுப்பார்கள். என் கையும் பாதி தூரம் போய்விட்டது.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"எழுதினது மீனாம்பிகை. அவவின்ரை கையிலை குடுங்கோ" என்றேன்.

சபையில் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மனேச்சர் கடிதத்தோடு கொஞ்சம் தடுமாறினார். மீனாம்பிகை பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, நடுவழியால் நடந்து வந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். கைதட்டல் முதலில் பெண்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். கதிரவேலுவும் தட்டினார், மனிதர் கண்ணியமானவர்.

வெளியே வந்தோம். வாசலில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. வெளியூர்க்காரர் ஒருவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். இவர்தான் அந்தப் பாட்டுப் பாடினவர், நீர்வேலிப் பஞ்சலிங்கம் என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

"மீனாம்பிகை ரீச்சரின்ரை புருஷன்" என்று நான் இடையில் புகுந்து சொன்னேன்.